பொன்மணி இருந்த எடம்

நானும் இன்டர்வியூவுக்கு வந்தவதான் தாயி. குருவம்மா, எம். புதுப்பட்டி. நீ விஸ்வநத்தமா? சரி, உக்காரு. மத்தவுக சாப்பிடப் போயிருக்காக.

பெரிய பட்டாசுக் கம்பெனிதான், யாரு இல்லன்னா? பஸ்சு விடுதான், தீவாளிக்குப் போனசு குடுக்கான். எந்தங்கச்சி பொன்மணியும் அதப் பாத்துத்தான் சேந்தா. கல்யாணமாகி வருசம் திரும்பல. வெடிமருந்து ரூம்புல போட்டாக. நாலு பேருதான் இருக்கணும் அந்த ரூம்புல. சீசன், ஆர்டர் குமிஞ்சிருச்சுன்னு பத்துப் பன்னெண்டு பேர அடைச்சு வச்சான் போர்மேன் பெத்தணன். பொம்பளைக காத்து வாங்க வெளிய போறாகன்னு பின்கதவ வெளிய பூட்டிட்டான்.

அன்னைக்கு வெயிலு கொளுத்துது. மருந்து சுடுதுண்ணே, செத்த ஆறவிடுவோம்னு பொன்மணி எந்திரிச்சு வந்திருக்கா. செவிட்டுல ஒரு அறை. கொண்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி உள்ள தள்ளியிருக்கான். தப்பிச்ச மாடத்தி பாத்துட்டு வந்து சொன்னா. அப்புறந்தான் வெடிச்சிருக்கு. பின்கதவுகிட்ட ஒருத்தி மேல ஒருத்தி கெடந்தாளுக. முன்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சிருக்கும் எந்தங்கச்சிக்கு. அத வச்சுத்தான் அடையாளம் சொன்னேன்.

அளுவாத தாயி.

கேசுல பொன்மணி கவனக்குறைவுன்னு எளுதிட்டாக. ஜாமீன்ல வந்த பெத்தணன் அதே நாற்காலில உக்காந்து ஆளு எடுக்கான். இப்ப உள்ள போனப்ப என்னைய அவனுக்குத் தெரியல. கை வேகம் பாக்கணும்னு ஒரு கட்டுத் திரியும் கத்தியும் குடுத்தான். வெட்டுனேன். நல்ல கை, நாளைக்கே வந்துருன்னான். இங்கன ஒங்க ஆளுக யாரும் வேலை பாத்தாகளான்னு கேட்டான். பொன்மணிக்கு அக்கான்னேன்.

இல்ல தாயி, சண்டைக்குப் போகல நான். பின்கதவப் பூட்டுனது நாந்தான்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே, அது போதும்னேன். கால்ல விளாத குறையாக் கேட்டேன். சிரிச்சான். கதவு தொறந்துதான் கெடந்துச்சு, அந்தச் சிறுக்கி மருந்தத் தட்டிவிட்டதுலதான் அம்புட்டுப் பேரும் போனாளுகன்னான். வேலை வேணும்னா வாயப் பொத்திட்டு அவ எடத்துல போயி உக்காருன்னான்.

வெளிய சத்தமே கேக்கலயேங்கியா? லாரியில லோடு ஏத்துறாகல்ல, ஒண்ணும் கேக்காது.

ஏ, எங்க எந்திரிக்க? ஒன்னைய இனி உள்ள கூப்பிட மாட்டாக. அவன் குடுத்த கத்திதான், அவன் களுத்துல ரெண்டு விளுந்துச்சு, நெஞ்சுல எம்புட்டுன்னு தெரியல. முடிஞ்சிருச்சு. போன் வச்சிருக்கியா? போலீசுக்குப் போடு, நான் எங்கயும் போகல. அப்படியே அந்தக் கொளாயக் கொஞ்சம் தொறந்துவிடு தாயி. முந்தானைக்குள்ள வச்சு வச்சு, கையெல்லாம் ஒட்டுது.