தண்ணீர் மறையும் அறை

இந்த நாற்காலி நல்ல நாற்காலி சார். என் இடுப்பெலும்பு செத்துப் பதினோரு வருஷமாகிறது, எல்லா நாற்காலியும் அதற்கு ஒத்துவராது.

இருபத்திரண்டு வருஷம் கடலுக்கடியில் வெல்டிங் செய்தவன் நான். ஆழத்தில் சுவாசிக்கும் காற்று ரத்தத்தில் கரையும். நின்று நின்று மேலே வந்தால் மூச்சோடு மூச்சாகப் போய்விடும். அவசரப்பட்டால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே நுரைக்கும். அந்த நுரைதான் என் இடுப்பைத் தின்றது.

வேலை போன பிறகு எனக்குச் சோறு போட்டவர் என் தங்கையின் கணவர். அதை மறைக்க மாட்டேன். கடலடியில் வீடு கட்டி வாழும் வீடியோ கேம் ஒன்றுக்கு அவர்தான் தலைமை வடிவமைப்பாளர். "நீங்க பார்த்த கடலை அப்படியே சொல்லுங்க மச்சான், மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று கூட்டிப்போய் ஏசி அறையில் உட்காரவைத்தார்.

திரையில் ஒரு ஆள் கடலுக்குள் நான்கு சுவர் வைத்தான், கதவு வைத்தான். அடுத்த நொடி உள்ளே இருந்த தண்ணீரைக் காணோம். தரை காய்ந்து கிடந்தது. மூலையில் பூந்தொட்டி வேறு.

"அந்தத் தண்ணி எங்க போச்சு மாப்பிள்ளை?"

"எங்கயோ போச்சு. விளையாடறவனுக்கு அது எதுக்கு?"

"பம்பு வச்சு அரை நாள் இறைக்கணும்."

"அரை நாள் இறைக்கறதுக்கு அவன் ஏன் மச்சான் கேம் வாங்கறான்? ஆபீசுக்கே போயிடுவானே."

அறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்து, அதை மோந்துகொண்டே வெல்டிங்கை முடித்தவன் நான். குளிரில் ரப்பர் உடைக்குள் மூத்திரம் போனால் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கும், அதற்காகவே அடக்கிவைத்துப் போவோம். இவர்கள் அத்தனையையும் துடைத்து வழித்துவிட்டு, ஈரமில்லாத ஒரு கடலைச் செய்து வைத்திருந்தார்கள். நகத்தில் அழுக்கில்லாத பிள்ளைகள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மேலே வருகிறவன் வழியில் நிற்கட்டும். நாற்பது மீட்டரில் நாற்பது நிமிஷம் இருந்தவன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் சும்மா தொங்கிவிட்டுத்தான் வெளியே வர முடியும். இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள், எடுத்துவிட்டார்கள்.

"போரடிச்சு ஓடறாங்க மச்சான். வேணும்னா ஒரு சுவிட்சு வைக்கறேன். நிஜமா வேணும்ங்கறவன் போட்டுக்கட்டும்."

ஆயிரம் பேரில் மூன்று பேர் போட்டார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. பார்க்காதவர், அவ்வளவுதான். காட்டலாம் என்று நினைத்தேன்.

என் பழைய கம்பெனியின் மேடை போன்ற வேலை மிதவை, கடலில் குழாய் பதிக்கிற இடத்தில் நங்கூரம் போட்டு நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் இருக்க மாட்டார்கள். ஆழம் குறைந்த இடத்தில் அவரை ஏற்கெனவே நான்கு தடவை பழக்கியிருந்தேன். இறங்குகிறவருக்குக் காற்று மேலிருந்து குழாயில் போகும், பேச்சு வயரில் வரும், அவர் நிற்கும் கூண்டை ஏற்றி இறக்குவது மேலே இருப்பவன் கையில். மேலே நான்.

நாற்பது மீட்டர் கீழே போனதும் குழந்தையாகிவிட்டார். "மச்சான், ஒரு மீன் என் மூஞ்சியையே பாக்குது. கடன்காரன் மாதிரி நகரவே மாட்டேங்குது." நாற்பது நிமிஷம் விட்டேன். பிறகு தூக்கினேன். எங்கேயும் நிறுத்தவில்லை.

"நடுவுல நிக்க வேணாமா மச்சான்?"

"இன்னைக்கு சுவிட்சு போடல மாப்பிள்ளை."

சிரித்தார். எனக்கு ஏதோ வித்தை தெரியும் என்று நம்பியிருப்பார்.

கால் மணி நேரத்தில் தோள் அரிக்கிறது என்றார். வயிற்றுத் தோலில் நீல வரி ஓடியது. எழுந்தார், கால் மடங்கி விழுந்தார். மூத்திரம் போனது அவருக்கே தெரியவில்லை, நான்தான் சொன்னேன்.

கொல்லும் எண்ணம் இல்லை. மிதவையில் சேம்பர் இருக்கிறது. ஆளை உள்ளே படுக்கவைத்து ஆழத்தின் அழுத்தத்தைத் திரும்பக் கொடுத்து, மெதுவாகக் குறைத்துக் கொண்டுவரும் இரும்பு உருளை. காலையிலேயே ஓட்டிச் சரிபார்த்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் அவர் அனுபவிக்கட்டும், பிறகு உள்ளே போட்டுவிடலாம். அதுதான் திட்டம்.

அப்போது தங்கை போனில் கூப்பிட்டாள். "அண்ணே, அவர் போனை எடுக்கல. சாப்பிட வருவாரா, மூடி வைக்கட்டுமா?"

"மூடி வைம்மா" என்றேன். அவர் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.

"சேம்பர்ல போடுங்க மச்சான்" என்றார். வாயோரம் வாந்தி. "எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"அஞ்சு மணி நேரம்."

"நீங்களும் உள்ள இருப்பீங்கல்ல?"

இருக்க வேண்டும். தனியாகப் போடக் கூடாது, கூட ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. வால்வு உள்ளேயும் உண்டு, நான் ஒருவனே ஓட்டலாம். கதவைத் திறந்தேன். அந்த நாற்றத்தோடும் முனகலோடும் மூடினால் நடுவில் திறக்க முடியாது. மாலை வரைக்கும். காலி சேம்பரின் கதவைச் சாத்திவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு அவர் மூச்சு நின்றது.

ஏன் உள்ளே போடவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நீங்கள் அதற்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை சார். அவ்வளவு போரடிக்கும்.