ஏழு குறைக் கடிதங்கள்

எனக்குச் சர்க்கரை போடாத டீதான் பிடிக்கும் மேடம், பரவாயில்லை, இதையே குடிக்கிறேன். விசாரணைக்கு வந்தவனுக்கு டீ வாங்கித் தருகிற அதிகாரியை இப்போதுதான் பார்க்கிறேன். கேளுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடமாக வரி அலுவலகத்தில் ரீஃபண்ட் பிரிவு எழுத்தராக இருக்கிறேன், யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. பட்டன்காரர் ஒரு தடவை புது வருஷ டைரி கொடுத்தார். அதையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பட்டன்காரர் என்றுதான் அலுவலகத்தில் அவருக்குப் பெயர். சட்டைப் பட்டன் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஏற்றுமதிக்கு வரி கிடையாது என்பதால், மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை அவர் திருப்பிக் கேட்கலாம். வர வேண்டியது நாற்பத்தொரு லட்சம். அது வந்தால்தான் பட்டறை ஓடும், பதினோரு பேருக்குச் சம்பளம் போடலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

விண்ணப்பத்தில் குறை இருந்தால் பதினைந்து நாளுக்குள் நாங்கள் குறைக் கடிதம் அனுப்ப வேண்டும். அவர் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு உள்ள கெடு மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பமாகும். அவருடைய முதல் விண்ணப்பத்தில் மூன்று குறைகள் இருந்தன. மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. அந்த நேரம் பார்த்து அவரே நேரில் வந்துவிட்டார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சாப்பிட்டாச்சா சார்?" என்றார்.

என் மனைவி அவள் அண்ணன் வீட்டோடு போய் ஒன்பது வருடம் ஆகிறது. பக்கத்து மேஜைக்காரன் என்னிடம் ஸ்டேப்ளர் கேட்பதோடு சரி. சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் வந்ததில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். கடிதத்தில் ஒரு குறையை மட்டும் எழுதினேன். மற்ற இரண்டையும் அடுத்தடுத்த தடவைக்கு எடுத்து வைத்தேன்.

அப்புறம் அதுவே வழக்கமாகிப்போனது, ஒரு கடிதத்துக்கு ஒரு குறை. இருந்த குறையெல்லாம் தீர்ந்த பிறகு கொஞ்சம் சிரமப்பட்டேன். முத்திரை சாய்ந்திருந்தது என்று ஒன்று. பக்க எண் கீழே இல்லாமல் மேலே இருந்தது என்று ஒன்று. அதெல்லாம் சும்மா உட்கார்ந்தால் வருவதில்லை மேடம், ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும்.

"சார், இந்தத் தடவையாச்சும் இருக்கிறதையெல்லாம் ஒரே லெட்டர்ல சொல்லிடுங்க சார்."

"என்ன அவசரம்ணே? உட்காருங்க. பொண்ணு படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"பீஸ் கட்ட முடியல சார். நிறுத்திட்டேன்."

அவர் கதையைச் சொல்வார், நான் என் முழங்கால் வலியைச் சொல்வேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்பார். அப்படிக் கேட்கிறவர்கள் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்கள்?

நடுவில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு மாதம் எனக்குச் சோறே இறங்கவில்லை. பிறகு மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். விண்ணப்பத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டிருந்தார். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஏழாவது கடிதத்தைக் கொடுத்தேன். விதிப்படி அதில் ஒரு தப்பும் கிடையாது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். அந்தப் பெண் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெரியவர்களிடம் பழகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வழக்குப் போட்டார். ரீஃபண்டை இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும், இவருடைய கடைசி விண்ணப்பம் அதைத் தாண்டிவிட்டது என்று எங்கள் வக்கீல் வாதாடினார். அந்தப் பாயிண்டை எடுத்துக் கொடுத்தது நான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வழக்கு கொஞ்சம் இழுக்கட்டுமே என்றுதான். ஒன்றரை வருடம் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்ற வராந்தா பெஞ்சில் சந்தித்தோம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றுகொள்வார். மரியாதை தெரிந்த மனிதர்.

முதல் விண்ணப்பத் தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், நான்கு வாரத்தில் முடிவு சொல்லுங்கள் என்று நீதிபதி உத்தரவு போட்டார். பட்டன்காரர் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பணம் கைக்கு வந்த பிறகு அவர் எங்கள் ஆபீஸ் படியை ஏன் மிதிக்கப்போகிறார்?

இருபத்தேழாவது நாள், கோப்பை அதிகாரி மேஜைக்கு அனுப்புவதற்கு முன்னால், சரக்கு கப்பல் ஏறியதற்கான சான்றை மட்டும் உருவி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏற்றுமதிக்கு ஆதாரமில்லை என்று அதிகாரி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு, கூடவே இருந்து எழுதிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டார், பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆறுதல் சொல்ல வீட்டுக்குப் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, கதவைத்தான் யாரும் திறக்கவில்லை.

ஆமாம் மேடம், சான்றை எடுத்தது நான்தான். ஏழு கடிதங்களும் தெரிந்தே கொடுத்தவை. இதோ அந்தத் தாள், ஒரு மடிப்பு விழாமல் வைத்திருக்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

நீங்கள் காட்டிய புகாரைப் படித்தேன். நான்கு பக்கமும் அவரே இடது கையால் எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி உட்கார்ந்து இவ்வளவு எழுத வேறு யாருக்கு மனசு வரும்? ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே தேதி போடாமல் விட்டிருக்கிறார். தபாலில் திருப்பி அனுப்பினால் சரிப்படாது மேடம், அவரை நேரில் வரச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கிறேன்.