கொக்கி அசையல

ஹலோ... அக்கா! நான்தான்... கத்தலக்கா, இப்போ குரலே இப்படித்தான் வருது! கிரேன் மேல, கேபின்லதான் இருக்கேன்... ஐயோ, விழல! கப்பல் போயிடுச்சுக்கா! வெறுங்கையோட போயிடுச்சு!

...எந்தக் கப்பலா? ஒரு வாரமா உன் காதுல ஓதிட்டே இருக்கேனே, குண்டுப் பெட்டி ஏத்த வந்த கப்பல்! அங்க ஒரு இனத்தையே, குஞ்சு குளுவான்னு கூடப் பார்க்காம, கூண்டோட அழிச்சிட்டிருக்காங்களே... ஆமா, ஆமா, அதே ஊருக்குத்தான். ஒரு பெட்டி கூட ஏறல!

...எப்படின்னா... இரு, சிரிப்பு வருது... கீழ நிக்கிற ஆளு கை காட்டாம நான் கொக்கியை அசைக்கவே கூடாது. அதான் விதி. காலையில பார்த்தா, கை காட்டுற அத்தனை பேரும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுட்டு நிக்கிறாங்க! ஒருத்தனுக்கு மூக்கு அரிக்குது, தோள்ல தேய்க்கிறானே தவிர கையை எடுக்கல!... ஆமாக்கா! நானும் மேல கால் மேல கால் போட்டு உட்கார்ந்துட்டேன்.

...மேனேஜரா? குதிகுதின்னு குதிச்சாரு. கடைசில... கேளு... உன் வீட்டுக்காரரை அனுப்பினாரு.

...ஆமா, அத்தானைத்தான். திட்டாதே, நானே நல்லாத் திட்டிட்டேன். சூப்பர்வைசர் ஆனதும் மனுஷன் மாறிட்டாருன்னு அழுகையே வந்துடுச்சு. அவரு கை காட்டினா நான் தூக்கணும், இல்லேன்னா வேலையை விட்டு இறங்கணும்...

கேளேன்! வந்தாரு. தொப்பியைச் சரி பண்ணாரு. என்னை நிமிர்ந்து பார்த்தாரு. ரெண்டு கையையும் அகல விரிச்சு ஆட்டினாரு பாரு!... அட, உனக்குத் தெரியாதா? ஆபத்து, எல்லாத்தையும் நிறுத்துன்னு அர்த்தம்! அதை யாரு காட்டினாலும் கரன்ட்டையே அணைச்சுடணும். ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்து சோதிக்காமத் திரும்பப் போட முடியாது. அதுக்குள்ள கடல் தண்ணி இறங்கிட்டா கப்பல் மாட்டிக்கும், கிளம்பியே ஆகணும்... தெரியாமக் காட்டிட்டாரான்னா கேக்கறே? அத்தனை வருஷம் அதே இடத்துல நின்னு கை காட்டின மனுஷன்க்கா!

...ஆமா, வேற துறைமுகத்துக்குப் போகும். அங்கேயும் கிரேன்ல ஒரு ஆளுதானே உட்கார்ந்திருக்கணும்? போன் போட்டுச் சொல்லியாச்சு. பாக்கெட் இல்லாத பேன்ட்டா போட்டிருக்கப் போறாங்க!

...ம்... ம். அத்தானுக்கு வேலை போச்சுக்கா. அங்கேயே அடையாள அட்டையைப் பிடுங்கிட்டாங்க... தெரியும், வாடகை, பசங்க, எல்லாம் தெரியும். நான் இருக்கேன்ல?... அழறியா? சிரிக்கிறியா? ஏதாவது ஒண்ணு பண்ணு!

அவரு வந்துட்டாரா?... ஜன்னல் வழியா எட்டிப் பாரு... வாசல்லயே நிக்கிறாரா! பெல் அடிக்கலையா? மேனேஜருக்கே பயப்படாத ஆளு, உனக்குப் பயப்படறாரு!... கையை எங்க வெச்சிருக்காரு?... பாக்கெட்டுலயா! ஐயோ, போக்கா, போய்க் கதவைத் திற...

அக்கா?... ஹலோ?...

போனை அப்படியே போட்டுட்டு ஓடிட்டா... கதவு திறக்குது... அத்தான்தான் அழறாரு... இவளும்...

சரி, இது நான் கேக்கக் கூடாது. வெச்சுடறேன்.