இரண்டாவது மாதிரி

வெள்ளைத் தேநீர் எனக்குப் பிடித்ததே இல்லை, சேர். நிறமும் கிடையாது, சாயமும் கிடையாது. தோட்டத்து லயத்தில் நாங்கள் குடித்து வளர்ந்தது டஸ்ட் தேயிலைதான்.

ஆனாலும் அதன் பக்குவத்தைக் கண்டுபிடித்தவன் நான். கலவானவில் மெல்வினும் நானும் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தோம். விரியாத மொட்டை எப்போது கிள்ளுவது, எத்தனை மணிநேரம் வாடவிடுவது என்று நான்கு வருடம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். மெல்வினுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் நன்றாக வரும். கடதாசி வேலை அவனுடையது. பெட்டிகள் அச்சாகி வந்தன. அவன் பெயர் மட்டும் இருந்தது. கம்பெனிப் பதிவிலும் அப்படியே.

"ரெண்டு பேரு பேர போட்டா ஃபாரம் சிக்கலாயிரும் மச்சான். நமக்குள்ள என்ன?" என்றான்.

நான் சண்டை போடவில்லை.

வெளிநாட்டு வியாபாரி கேட்டதால் தேயிலையைக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். கண்ணாடித் தட்டில் வளர்த்த மனித உயிர்க்கலங்கள்மேல் தேயிலைச் சாற்றை விட்டு, எத்தனை சாகின்றன என்று பார்ப்பார்கள். மாதிரியைக் கட்டியது நான். கொஞ்சம் களைநாசினி தெளித்து, உலர்த்திக் கட்டினேன். முக்கால்வாசிக் கலங்கள் செத்துவிட்டதாக அறிக்கை வந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். மெல்வின் விடவில்லை. மூடிய பெட்டியிலிருந்து அவர்களே இரண்டாவது மாதிரி எடுக்கட்டும் என்று எழுதிப்போட்டான். ஆகவே ஸ்டோரில் இருந்த பெட்டிகளையெல்லாம் நான் திறந்து, தெளித்து, திரும்ப ஒட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பிடிவாதம் அவனுடையது.

கொழுந்து பறிக்கும் பெண்கள் பயந்துபோனார்கள். அவர்கள் முன்னால் மெல்வின் காலையும் மாலையும் அதே தேயிலையைக் குடிக்கத் தொடங்கினான். "நம்ம தேயில யாரையும் கொல்லாதுங்க" என்பான். ஊற்றிக் கொடுத்தது நான். என் கைப்பக்குவம்தான் அவனுக்குப் பிடிக்கும்.

ஏழாம் நாள் படியேற முடியாமல் மூச்சு வாங்கினான். "நீயாச்சும் நம்புறியா மச்சான்?"

"நம்புறேன்டா" என்று கோப்பையை நீட்டினேன்.

பத்தாம் நாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இறந்தான்.

அவன் மனைவி ஜெயந்தியும் இப்போது அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். அவன் குடிப்பதைப் பார்த்து, தனக்கும் ஒரு கோப்பை கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தினமும் ஊற்றினேன். நேற்று பார்க்கப் போனபோது, "இனி எங்களுக்கு நீங்கதாண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு வருடம் ஒருவனை நம்பி மோசம் போனவன் நான், சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.