கூவாத சேவல்

ஜீப்ப மெதுவாத்தேன் எறக்குவேன்ணே. போடிமெட்டுல நீங்க ஏறுனப்பவே சொன்னேன்ல, இன்னைக்கி வெரசாப் போற நாளு இல்லன்டு. பேசிக்கிட்டே போவோம்.

கோழிக்குஞ்சுல சேவலு எது, பொட்டை எதுன்டு பாக்கத் தெரியுமா உங்களுக்கு? எங்கூரு சிலமலையில குஞ்சு பொரிச்சா எனக்குத்தேன் ஆளு விடுவாக. மூணாங்கிளாசத் தாண்டாத பய நானு. ஆனா ஒன்றரை மாசக் குஞ்சக் கையில குடுங்க, கொண்டையப் பாத்துச் சொல்லிருவேன். செவப்பேறி நின்டா சேவலு, வெளுத்து ஒட்டிக் கெடந்தா பொட்டை. காலு தடிப்பா இருக்கணும். கையத் தட்டுனா ஓடாம நிமிந்து மொறைக்கணும். எம் பொஞ்சாதி சுருளியம்மாவும் மொறைப்பா, அதக் கணக்குல சேக்கக் கூடாது.

எதுக்குச் சொல்றேன்டா, ஏலக்கா எடுப்புக்கு மொத லோடு ஆளு ஏத்துற அன்னைக்கி, மலையடிக் கருப்பனுக்கு வண்டி முன்னாடி சேவலு வெட்டணும். பொட்டை அவருக்கு ஆகாது. இதே ரோட்டுல ஜீப்பு ஓட்டுன நம்ம தங்கபாண்டி இருந்தான்ல, எதுவா இருந்தா என்னன்டு ஒருக்க வெடக்கோழிய வெட்டிட்டு ஏறுனான். சாயங்காலம் ஒம்பதாவது வளைவுலருந்து அவனோட சேத்து நாலு பேரக் கயிறு கட்டித்தேன் மேல இழுத்தோம்.

இந்த வருசம் சீக்கு வந்து எங் கோழியெல்லாம் போச்சு. கருப்பனுக்கு நேந்துவிட்ட சேவலு ஒன்னுதேன் தப்பிச்சது. நாலு மாசமாச்சு, கூவவே இல்ல. இது சேவல்தானான்டு சுருளியம்மா கேட்டா. கூச்சப்படுதுடின்டேன். என்னா கொண்டைங்கிறீக, மொளகாப்பழம் கணக்கா. நான் பாத்துத் தப்புமா?

காலையில வெட்டியாச்சு. பின்னாடி உக்காந்திருக்குற பதினோரு பொம்பளைகளும் அந்த ரத்தத்தத் தொட்டு வச்சுக்கிட்டுத்தேன் ஏறுனாக. அதுல பாண்டீஸ்வரி கைப்பிள்ளைய வேற தூக்கியாந்திருக்கு.

கூவலன்டதும் எறங்கணும்ங்கிறீகளா? எங்கண்ணே எறங்குவீக? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஒன்னுமே இல்ல. உக்காருங்க.

மத்தியானம் சுருளியம்மா போன் பண்ணுனா. கறி அறுத்தாளாம். உள்ள கேவுறு அளவுல மஞ்ச மஞ்சளா முட்டைக்கொத்தாம். நான் சிரிச்சுக்கிட்டேதேன் போன வச்சேன்.

காலையில ஒரு மிதிக்கு நின்ட பிரேக்கு. இப்ப ரெண்டு கேக்குது.

பின்னாடி இருக்குறவுககிட்ட சொல்லிராதீக. பாவம், பாட்டுப் பாடிக்கிட்டு வருதுக. அந்தா தெரியுது பாருங்க, அதுதேன் ஒம்பதாவது. கம்பியப் பிடிச்சுக்கங்கண்ணே.