லவீனா வீட்டு இத்தாலிச் சாப்பாடு

இல்லைத் தங்கச்சி, செருப்போடையே வாங்கோ, நான் இன்னும் வீடு கூட்டேல்லை. ஓம், லவீனா வீடுதான், சரியாத்தான் வந்திருக்கிறீங்கள். அவ பிள்ளையளோடை ரெண்டாம் பூசைக்குப் போட்டா. பாட்டுக் குழுவிலை எல்லோ, பூசை முடிஞ்சாலும் அதிலை நிண்டு நாலு கதை கதைச்சுப்போட்டுத்தான் வருவா. இருங்கோ. ஐயோ, அந்தக் கதிரை வேண்டாம், அதின்ரை கால் ஆடும். இதிலை இருங்கோ.

நானோ? நான்... அண்ணை. லவீனான்ரை அண்ணை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்.

ஓ, சிவகௌரியோ! பண்டத்தரிப்புச் சிவகௌரி. கந்தோரிலை பக்கத்து மேசை. உங்களைப் பற்றி நெடுகக் கதைப்பா. தன்ரை மேசைக் கோப்பெல்லாம் நீங்கள்தான் ஒழுங்கு பண்ணிக் குடுக்கிறதெண்டு. உந்தச் சாப்பாட்டுப் பெட்டி எங்கடைதான். கழுவி, அதுக்குள்ளை மாம்பழமும் வைச்சோ கொண்டந்தனீங்கள்? உதேன் தங்கச்சி. நாளைக்குக் கந்தோரிலை குடுத்திருக்கலாமே, உதுக்கெண்டு இந்த வெயிலுக்கை ஸ்கூட்டியிலை வரோணுமே.

சரி, செய்முறையோ. வேறையும் ஒரு அலுவல் கேக்கோணுமோ. அது அவ வரட்டும். செய்முறை எண்டால் நானே சொல்லலாம். இல்லையில்லை, செய்யிறது அவதான். நான் சும்மா தண்ணி வைச்சுக் குடுக்கிறது, மரக்கறி அரியிறது, அவ்வளவுதான்.

குசினிக்கையே வாங்கோவன், தண்ணி கொதிக்குது. ஞாயிற்றுக்கிழமை எண்டால் எங்கடை வீட்டிலை உதுதான் அலுவல். இண்டைக்குச் செய்து பிறிஜ்ஜிலை வைச்சால் புதன் வரைக்கும் ராச்சாப்பாட்டுச் சோலி இல்லை. அவ மாசக் கடைசியிலை எந்த நேரம் வாறவ எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, நீங்களும் அதே கந்தோர்தானே. பிள்ளையள் ரியூசனாலை பசியோடை வரும். அந்த நேரத்திலை ஆர் புட்டு அவிக்கிறது, ஆர் தேங்காய் துருவுறது? பெட்டியைத் திறந்து கோப்பையிலை போட்டுக் குடுத்தால் முடிஞ்சுது.

பாருங்கோ, முதல் விசயம் உப்பு. இந்தத் தண்ணிக்கையே போடோணும், வாயிலை வைச்சால் ரசம் மாதிரி இருக்கோணும். பாஸ்தாவுக்கு உள்ளுக்கை உப்புப் போறது இந்த ஒருக்காத்தான். பேந்து மேலாலை எவ்வளவு தூவினாலும் நாக்கிலை உப்பு வேறையா நிக்கும், பாஸ்தா வேறையா நிக்கும். எந்தப் பாஸ்தாவும் பரவாயில்லை, ஆனால் இந்தச் சுருள்தான் நல்லம். புளியும் எண்ணெயும் அந்தச் சுருளுக்கை போய் இருந்துகொள்ளும். இந்தா, போட்டாச்சு.

சூடாச் சாப்பிடுறதெண்டால் கொஞ்சம் கடிபடுற பதத்திலை இறக்கலாம். இது குளிருக்கை கிடக்கப்போறது, அங்கை போனால் இறுகும். அதாலை இன்னும் ஒரு கொஞ்சம் கூட விடோணும். அதுக்கெண்டு குழைய விடப்படாது. குழைஞ்சால் கஞ்சிதான், காய்ச்சல்காரருக்குக் குடுக்கலாம். பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டே இருக்கோணும்.

எண்ணெயோ? அங்கைதான் நான் முதல் பிழை விட்டனான். எங்கடை வழக்கத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டு வைச்சன். விடிய எடுத்துப் பாத்தால் பாஸ்தா முழுக்க மெழுகுதிரி உருக்கி ஊத்தின மாதிரி வெள்ளை வெள்ளையாக் கிடக்கு. சின்னவள் பாத்துப்போட்டு, உது மாதா கோயில் சாப்பாடோ எண்டு கேட்டாள். பிறிஜ்ஜிலை வைக்கிறதுக்குச் சூரியகாந்தி எண்ணெய்தான் சரி. அங்கத்தையான் ஒலிவ் எண்ணெய் எங்களுக்குக் கட்டாது.

ஓம், நான் விட்டனான் எண்டுதான் சொன்னனான். அவ வேலைக்குப் போனாப்போலை நான் ஒருக்காச் செய்து பாத்தது. ஒருக்கா ரெண்டுதரம்.

பிறகு தேசிக்காய் பிழிஞ்ச புளி, உள்ளிப்பூடு, மிளகு. பாதியைச் சூட்டோடையே விட்டுப் பிரட்டோணும், சூட்டிலைதான் அது உறிஞ்சும். மற்றப் பாதியைச் சின்னப் போத்திலிலை விட்டு வைச்சு, சாப்பிடேக்கை ஊத்திறது. எல்லாத்தையும் இண்டைக்கே ஊத்தினால் நாளைக்குக் காய்ஞ்ச வைக்கோல்தான். எங்கடை பெரிய குசினிக்காரன் சிங்களத்திலை சொல்லுவான், பாதி இண்டைக்கு, பாதி நாளைக்கு, எல்லாத்தையும் ஒரே நாளிலை செலவழிக்கிறவன் குசினிக்கும் உதவான் குடும்பத்துக்கும் உதவான் எண்டு.

என்ன? இல்லை, எங்கடை எண்டால்... லியோன்ரை. லவீனான்ரை மனுசன் லியோன் வேலை செய்யிற இடத்துக் குசினிக்காரன். ஓம், இத்தாலியிலைதான். அங்கை சிங்கள ஆக்களும் கனக்க இருக்கினமாம். லியோன் போனிலை சொல்லிச் சொல்லித்தான் லவீனா பழகினவ. அவ கந்தோரிலை உங்களுக்குச் சொல்லியிருப்பாவே.

போஞ்சியும் கரட்டும் இண்டைக்கே போடலாம். தக்காளியும் வெள்ளரிக்காயும் இண்டைக்கே போடப்படாது, தண்ணி விட்டிடும். அண்டண்டைக்கு வெட்டிப் போடுறது. எங்கடை பங்குக்குச் சூரை மீனை அவிச்சு உதிர்த்துப் போடுறன். நீங்கள் சைவமெண்டு லவீனா சொன்னவ, உங்களுக்குக் கொண்டு வாறதிலை கடலைதான் போடுறது, வேறை தாச்சி, வேறை அகப்பை. மீன் பட்ட அகப்பையாலை உங்கடை பெட்டியை ஒருநாளும் கிண்டேல்லை, அது மாதா சத்தியம்.

படமோ? ஓ, கந்தோரிலை காட்டினவவோ. பாஸ்தாக் கோப்பையைக் கையிலை வைச்சுக்கொண்டு, தாடியும் தொப்பியுமா நிக்கிற படம். பின்னாலை கடல். ஓம்... வடிவான கடல்தான். லியோன் சுகமா இருக்கிறான். ஊர்? பலெர்மோவோ என்னவோ. எனக்கு வாயிலை வராது அந்தப் பேரெல்லாம். அந்தக் கரட்டை இஞ்சாலை தாங்கோ, நான் அரியிறன்.

கேளுங்கோ, பரவாயில்லை. அவ வர நேரம் செல்லும்.

உங்கடை தம்பியோ? கோகுலன். ஓம், எத்தினை வயசு? சின்னப் பெடியன். இஞ்சை என்ன செய்யிறான்? தோட்டம். வெங்காயம், பொயிலை. சொந்தக் காணியோ? கிணத்தோடை செம்பாட்டுக் காணி. நல்ல காணியா இருக்குமே தங்கச்சி, உங்கடை பக்கத்து மண்ணுக்கு எதைப் போட்டாலும் வருமே. அதையோ விக்கப் போறியள்?

ஆர், இத்தாலிக்கோ.

அம்மா முதல் விடேல்லையோ. பேந்து எப்பிடி ஓம் எண்டவ? லவீனான்ரை மனுசன் போய்ச் சேந்து நல்லா இருக்கிறார்தானே எண்டோ. பெட்டி பெட்டியா இத்தாலிச் சாப்பாடு கொண்டு வாறாதானே எண்டு நீங்களும் சொன்னனீங்களோ. ம். லியோன் அண்ணை எந்த ஏஜென்சியாலை போனவர், தம்பியை அனுப்புறவனும் அதே ஆள்தானோ எண்டு லவீனாட்டைக் கேக்கத்தான் வந்தனீங்கள். செய்முறை சாட்டுக்குத்தான் என்ன.

இல்லை, கோவமில்லை. கேக்க வேண்டியதுதானே. கேக்காமல் குடுக்கிற ஆக்களும் இருக்கினம்.

எப்ப வெளிக்கிடுறான்? புதன்கிழமையோ? இந்தப் புதனோ? காசு குடுத்தாச்சோ? நாளைக்குக் காணி உறுதி எழுதினாப்போலைதான். ம். முதல் எங்கை வரச்சொன்னவன்? கொழும்புக்கோ?

நீர்கொழும்போ.

ஆள் மெல்லிசாக் கதைப்பானே? தம்பி சாப்பிட்டியோ எண்டுதான் முதல் கேள்வி கேப்பானே? கடற்கரைக்குக் கிட்ட ஒரு மேல்மாடி வீடு, ரெண்டு கிழமை அதிலை இருந்தால் காணும் எண்டவனே? பாஸ்போட்டைத் தன்ரை கையிலை தரட்டாம் எண்டவனே? வீட்டாக்களோடை கனக்கக் கதைக்க வேண்டாம், கண்ணூறு பட்டிடும் எண்டும் சொல்லியிருப்பான்.

லியோன் எனக்குச் சொன்னதோ எண்டு கேக்கிறீங்கள்.

ஐயோ, பாஸ்தா! பாத்தியளே, பக்கத்திலையே நிண்டு கதைச்சுக் கதைச்சு விட்டிட்டன். வாயாலை பெரிய விளக்கம் சொன்னன், இப்ப குழைஞ்சு போச்சு. லியோன் நான்தான் தங்கச்சி. அந்த ஓட்டைச் சட்டியை ஒருக்கா எடுத்துத் தாங்கோ, வடிக்கோணும். தள்ளி நில்லுங்கோ, ஆவி அடிக்கும்.

அண்ணையும் இல்லை ஆட்டுக்குட்டியும் இல்லை. நான்தான் லவீனான்ரை மனுசன். தாடியை வழிச்சுப்போட்டன், அதாலைதான் உங்களுக்குத் தெரியேல்லை. அந்தப் படத்திலை பின்னாலை நிக்கிறது இத்தாலிக் கடலில்லை, நீர்கொழும்புக் கடல். வள்ளத்தையும் இஞ்சினையும் வித்துக் குடுத்துப்போட்டு அந்த மேல்மாடியிலை படுத்துக் கிடந்தனான். ரெண்டு கிழமை, பேந்து இன்னும் ரெண்டு கிழமை எண்டான். ஒருநாள் விடியப் பாத்தால் அவனும் இல்லை, எங்கடை பாஸ்போட்டும் இல்லை. மற்றப் பெடியள் ஊருக்குத் திரும்பிட்டாங்கள். என்னாலை ஏலேல்லை. இஞ்சை கோயிலிலை எனக்காகப் பூசை ஒப்புக்குடுத்து, ஊரே கையைப் பிடிச்சு வழியனுப்பினது. என்ன முகத்தோடை வந்து இறங்கிறது?

லவீனா அண்டைக்குப் போன் எடுத்து அழுதவ, போய்ச் சேந்திட்டியளோ, சேந்திட்டியளோ எண்டு. சேந்திட்டன் எண்டன். அந்த ஒரு சொல்லுத்தான். அடுத்த நாள் அவ கந்தோருக்குக் கேக் கொண்டந்து குடுத்தவவே, உங்களுக்கு நினைவிருக்கோ? நீங்களும் திண்டிருப்பியள். அதுக்குப் பிறகு நான் எப்பிடி வாயைத் துறக்கிறது? அங்கை வெள்ளைக்காரர் வாற ஒரு ஹொட்டலிலை சட்டி கழுவப் போனன். பேந்து மரக்கறி அரிய விட்டாங்கள், பேந்து உந்தச் சலாட்டைச் செய்ய விட்டாங்கள். இஞ்சை பின்னேரமெண்டால் அங்கை மத்தியானம் எண்டு கணக்குப் பாத்துப் பாத்துப் போன் எடுப்பன். குளிர் எப்பிடி எண்டு அவ கேப்பா, நான் வேர்க்க வேர்க்க நிண்டுகொண்டு சரியான குளிர் எண்டுவன். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறது எண்டு சொல்லுவினம். நான் ஒரு ஊரையே மறைச்சு வைச்சிருந்தன்.

பெரியவளின்ரை முதல் நன்மைப் பூசை வர, அங்கை இருக்கேலாமல் ஓடி வந்தனான். இத்தாலிச் சொக்கிலேற் எண்டு கொண்டந்து குடுத்தன். லவீனா அதைத் திருப்பிப் பாத்தவ, பின்னாலை கொழும்புக் கடையின்ரை ரூபாய் விலை ஒட்டியிருந்தது. அவ ஏசேல்லை. அந்தத் துண்டை நகத்தாலை உரிச்சு எடுத்துப்போட்டுப் பிள்ளையளுக்குக் குடுத்தவ. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஓம், குருநகரிலை எல்லாருக்கும் தெரியும். இஞ்சை எது மறையும்? அவங்கள் பட்டம் வைச்சுத்தான் கூப்பிடுறாங்கள், இத்தாலி, டேய் இத்தாலி எண்டு. நான் வித்த என்ரை வள்ளத்திலையே இப்ப எமில்ராஜுக்குக் கூலிக்குப் போறன். உங்கடை கந்தோருக்கு மட்டுந்தான் தெரியாது. அவவுக்கு எண்டு மிஞ்சியிருந்த மரியாதை அது ஒண்டுதான். அதுக்காண்டித்தான் ஞாயிறு ஞாயிறா நிண்டு உதைக் காய்ச்சி, பெட்டியிலை போட்டுக் குடுத்து விடுறனான். நல்லாயிருக்காம் எண்டு வந்து சொல்லுவா. எனக்கு அது காணும் எண்டிருந்தன். அந்தப் பெட்டி உங்கடை வீட்டிலை வந்து உப்பிடி ஒரு வேலை செய்யுமெண்டு நான் நினைக்கேல்லைத் தங்கச்சி. எனக்கு வெக்கமா இருக்கு. உங்கடை அம்மாவை நினைக்க இன்னும் வெக்கமா இருக்கு.

உறுதி எழுத விடாதேங்கோ. சொன்னால் நம்ப மாட்டான், எனக்கும் ஒருத்தர் சொன்னவர்தான், நான் போறதிலை அவருக்கு எரிச்சல் எண்டு நினைச்சன். பின்னேரம் கோகுலனை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் அறைக்குள்ளை ஒளிக்க மாட்டன், முன் வாசல் வாங்கிலைதான் இருப்பன். இதுதான் இத்தாலிக்குப் போன லியோன் அண்ணை எண்டு காட்டுங்கோ. பேரைச் சொல்லியே சொல்லுங்கோ.

லவீனாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நாளைக்கு அவ கந்தோருக்குத் தலையைக் குனிஞ்சுகொண்டுதான் வருவா. நீங்கள் ஒண்டும் கேக்க வேண்டாம். பழையபடி பக்கத்திலை இருந்து சாப்பிடுங்கோ, அது காணும்.

மணி அடிக்குது, பூசை முடிஞ்சுது. பொறுங்கோ, வெறும் பெட்டியோடை போகாதேங்கோ. கடலை போட்டிருக்கிறன், புளி போத்திலுக்கை இருக்கு, ராவைக்கு ஊத்துங்கோ. கொஞ்சம் குழைஞ்சுதான் போச்சு, குறை நினைக்காதேங்கோ. கோகுலனுக்கும் குடுங்கோ. குடுக்கேக்கை இத்தாலிச் சாப்பாடு எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. இத்தாலியிலை உதை எப்பிடிச் செய்யிறாங்களோ, எனக்குத் தெரியாது தங்கச்சி.