விளக்கெண்ணெய் வாடை

விளக்கெண்ணெய் வாடை பட்டாலே எனக்குக் குமட்டும். முதலாளியின் பழைய விமானத்து எஞ்சின் மசகுக்கு அதைத்தான் குடிக்கும். குடித்ததைப் புகையோடு கக்கும். கொட்டகைத் தரையெல்லாம் பிசுபிசுப்பு. துடைப்பது நானும் என் தங்கச்சி புருஷனும்.

முதலாளி கண்ணை மூடி அந்த வாடையை இழுப்பார். "அதெல்லாம் ஒரு காலம்யா" என்பார். கண் கலங்கும். விமானத்தின் மூக்கிலிருக்கும் மர விசிறிக்கு முத்தம் கொடுப்பார். இதில் பாதி வீட்டில் கொடுத்திருந்தால் அந்தம்மா ஏன் கோபித்துக்கொண்டு போகிறது என்று மச்சான் என் காதைக் கடிப்பான். சிரிப்போம்.

அந்த எஞ்சினைக் கையால்தான் கிளப்ப வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க, இன்னொருவர் முன்னால் நின்று விசிறியைச் சுற்றுவார். முதலில் பெட்ரோல் இழுக்க வெறுமனே சுற்ற வேண்டும். அதற்கு "ஆஃபா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் சுவிட்சைப் பார்த்து "ஆஃப்" என்ற பிறகே கை வைக்கலாம். சுவிட்ச் போட்டிருந்தால் எஞ்சின் பட்டென்று பிடித்துக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் மச்சான் கேட்டான். முதலாளி விருந்தாளிகளுக்குக் கையசைத்துக்கொண்டே "ஆஃப்" என்றார். சுவிட்சைப் பார்க்கவில்லை. மச்சானின் வலது கை முழங்கையோடு போயிற்று. நான் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி இறங்கி வந்தார். கைக்குட்டையால் விசிறியைத் துடைத்தார், விரலால் தடவினார்.

"நல்லவேளை, மரம் விரியல."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது தங்கச்சிதான் மச்சானுக்கு ஊட்டிவிடுகிறாள். முதலாளி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அருவருப்புதான். தட்டில் கரப்பான் ஊர்ந்தால் வருமே, அது.

இந்த ஞாயிறு விருந்தாளிகளுக்குத் தானே கிளப்பிக் காட்டுவதாகச் சொல்லி, என்னை உள்ளே உட்கார வைத்தார்.

"ஆஃபா?" என்றார்.

நான் அவரைப் போலப் பார்க்காமல் சொல்லவில்லை. எழுத்து எனக்கு வயசான பிறகு வந்தது, ஆனாலும் சுவிட்சடியில் இருந்ததைக் கூட்டிப் படித்தேன். ஆன். நான் போட்டு வைத்ததுதான்.

"ஆஃப்தாங்க ஐயா" என்றேன்.

விசிறி அவர் தலையில் பட்டது. எல்லோரும் அவரைச் சுற்றி ஓடினார்கள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

நான் அவரை மாதிரி ஆள் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விசிறியைத் துடைத்தேன். நுனிவரை விரலால் தடவினேன். மரம் விரியவில்லை. அப்பாடா என்றிருந்தது.